முடக்கு வாதம்

முடக்கு வாதம் என்பது, உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் சொந்த மூட்டுகளையே தாக்குவதால் உண்டாகும் நாட்பட்ட அழற்சி நோயாகும். இது தன்னுடல் தாக்குநோய்கள் என்னும் வகையைச் சேர்ந்தது. கை, கால்களின் சிறு மூட்டுகள் இரு பக்கங்களிலும் வீங்கி வலிப்பதும், காலையில் எழும்போது அவை நெடுநேரம் விறைத்திருப்பதும் இதன் முதன்மையான அறிகுறிகள் ஆகும். தகுந்த மருத்துவம் செய்யப்படாவிடின் மூட்டின் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்பட்டு மூட்டுகள் உருக்குலைகின்றன. நுரையீரல், கண், இதயம், இரத்தக் குழாய்கள் ஆகியனவும் பாதிக்கப்படலாம்.

இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. எனினும், நோயின் போக்கை மாற்றும் மருந்துகளைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் பெரும்பாலானோரிடம் அழற்சியை அடக்கி வைக்க இயலும். ஒருமுறை அரிக்கப்பட்ட எலும்பை மருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே நோய் தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் அதனை அடையாளம் காண்பது இன்றியமையாததாகக் கருதப்படுகிறது.

பெயர்

தமிழில் "வாதம்" என்னும் சொல் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல நோய்களின் பெயர்களில் இடம்பெறுகிறது. பக்கவாதம் மூளையின் இரத்த ஓட்டம் தடைப்படுவதாலோ இரத்தக் கசிவாலோ வருவது. இளம்பிள்ளை வாதம் போலியோ தீநுண்மத்தால் வருவது. வாதக் காய்ச்சல், தொண்டையில் ஏற்படும் ஒருவகைப் பாக்டீரியத் தொற்றுக்குப் பின்னர் பெரும்பாலும் சிறுவர்களுக்கு வந்து இதய அடைப்பிதழ்களைத் தாக்குவது. இவற்றுள் எதுவும் முடக்கு வாதம் அன்று. முதுமையில் மூட்டு தேய்வதால் வரும் மூட்டுத் தேய்வு நோயும் இதனின்று வேறானது.

பரவல்

உலக மக்களுள் 1 விழுக்காட்டிற்கும் குறைவானோரிடம் முடக்கு வாதம் காணப்படுகிறது. 2019 ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 1 கோடியே 80 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. தில்லிக்கு அருகிலுள்ள ஊரகப் பகுதியில் நடத்தப்பட்டு 1993 இல் வெளியான ஆய்வொன்று, வயது வந்தோரிடம் இதன் அளவு 0.75 விழுக்காடு எனக் கண்டறிந்தது.

ஆண்களைவிடப் பெண்களை இது இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதியாகத் தாக்குகிறது. எந்த வயதிலும் தொடங்கலாம் என்றாலும் 30 முதல் 60 வயதிற்குள் தொடங்குவதே மிகுதி. ஆகவே இதனை முதியோர் நோய் எனக் கருதுவது தவறு.

காரணங்கள்

நோய்க்கான ஒற்றைக் காரணம் எதுவும் அறியப்படவில்லை. மரபுக் கூறுகளும் சூழல் கூறுகளும் சேர்ந்தே நோயைத் தூண்டுகின்றன.

* மரபு: எச்.எல்.ஏ-டி.ஆர்.பி1 என்னும் மரபணுவின் சில வகைகளைக் கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மிகுதி. ஆயினும் பெற்றோருக்கு நோய் இருந்தால் பிள்ளைகளுக்கும் கட்டாயம் வரும் என்பதில்லை.
* புகைபிடித்தல்: நன்கு உறுதி செய்யப்பட்ட சூழல் காரணி இதுவே. நோயின் கடுமையையும் இது கூட்டுகிறது.
* பல் ஈறு நோய்: நாட்பட்ட ஈறு அழற்சிக்கும் முடக்கு வாதத்திற்கும் தொடர்பு இருப்பது அறியப்பட்டுள்ளது.

குளிர்ச்சியான உணவு, வாயு, குளிர்ந்த நீரில் வேலை செய்தல் ஆகியவற்றால் இந்நோய் வருகிறது என்னும் நம்பிக்கைக்கு அறிவியல் சான்று இல்லை.

நோய் உருவாகும் முறை

மூட்டின் உட்புறத்தை மெல்லிய படலம் ஒன்று போர்த்தியுள்ளது. மூட்டு உராய்வின்றி இயங்கத் தேவையான நீர்மத்தை இது சுரக்கிறது. முடக்கு வாதத்தில் வெள்ளை அணுக்கள் இப்படலத்தில் திரண்டு அழற்சியை உண்டாக்குகின்றன. அவை வெளியிடும் கட்டி நசிவுக் காரணி, இன்டர்லியூக்கின்-6 முதலிய வேதித் தூதுப் பொருள்கள் அழற்சியை மேலும் வளர்க்கின்றன. மெல்லிய படலம் தடித்து, சதைபோல் வளர்ந்து, அருகிலுள்ள குருத்தெலும்பின்மேல் பரவி அதனை அரிக்கிறது. எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் தூண்டப்படுவதால் எலும்பின் விளிம்புகளில் குழிகள் தோன்றுகின்றன. மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்கள் தளர்வதால் விரல்கள் நிலை பிறழ்கின்றன.

நோயாளிகள் பலரின் இரத்தத்தில், உடலின் சொந்தப் புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் காணப்படுகின்றன. இவை மூட்டு வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தோன்றியிருக்கலாம்.

அறிகுறிகள்

மூட்டு அறிகுறிகள்

நோய் பெரும்பாலும் சில வாரங்களில் மெதுவாக வெளிப்படும். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகள், விரல்களின் நடு மூட்டுகள், மணிக்கட்டு, கால் விரல்களின் அடி மூட்டுகள் ஆகியன முதலில் பாதிக்கப்படுகின்றன. விரல் நுனிக்கு அருகிலுள்ள மூட்டுகள் பொதுவாகத் தப்பிவிடுகின்றன. பின்னர் முழங்கை, தோள், முழங்கால், கணுக்கால் ஆகியவற்றுக்கும் நோய் பரவலாம்.

காலை விறைப்பு இந்நோயின் குறிப்பிடத்தக்க அடையாளம் ஆகும். மூட்டுத் தேய்வில் விறைப்பு சில நிமிடங்களில் நீங்கிவிடும். முடக்கு வாதத்தில் அரை மணி நேரம் முதல் பல மணி நேரம் வரை நீடிக்கும். சட்டைப் பொத்தான் போடுவது, குடத்தைப் பிடித்துத் தூக்குவது, துணி பிழிவது போன்ற வேலைகள் கடினமாகின்றன. தேய்வு நோயின் வலி வேலை செய்யச் செய்யக் கூடும். அழற்சியின் வலியும் விறைப்பும் ஓய்வுக்குப் பின் மிகுந்து, இயங்க இயங்கக் குறையும்.

நெடுநாள் கவனிக்கப்படாத நோயில் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்தல், விரல் அன்னத்தின் கழுத்துப்போல் வளைதல் முதலிய உருக்குலைவுகள் தோன்றும். கழுத்தின் முதல் இரு முள்ளெலும்புகள் நழுவித் தண்டுவடத்தை அழுத்துவதும் உண்டு. ஆகவே நாட்பட்ட நோயாளி எந்த அறுவை மருத்துவத்திற்கும் மயக்க மருந்து பெறும் முன்னர் தமக்கு முடக்கு வாதம் இருப்பதை மருத்துவரிடம் கூற வேண்டும்.

பிற உறுப்புகள்

* பொது: களைப்பு, எடை குறைதல், இலேசான காய்ச்சல், இரத்தச் சோகை.
* தோல்: முழங்கை முதலிய இடங்களில் வலியற்ற முடிச்சுகள்.
* கண்: உலர்தல், வெண்விழிப் படல அழற்சி. கண் சிவந்து கடுமையாக வலித்தால் உடனடி மருத்துவம் தேவை.
* நுரையீரல்: உறையில் நீர் கோத்தல், நுரையீரல் திசு தடித்தல். வறட்டு இருமலும் நடக்கும்போது மூச்சு வாங்குதலும் இதன் அறிகுறிகள்.
* நரம்பு: மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதால் விரல்கள் மரத்தல்.
* இதயம்: மாரடைப்பு வரும் வாய்ப்பு பிறரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மிகுதி.

நோயறிதல்

முடக்கு வாதத்தை எந்த ஓர் ஆய்வுகூடச் சோதனையும் தனித்து உறுதிசெய்வதில்லை. நோயாளி கூறும் வரலாறும் மூட்டுகளைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையுமே அடிப்படை. வீங்கிய மூட்டு அழுத்தும்போது பஞ்சுபோல் மென்மையாக இருக்கும். விரல்களின் அடி மூட்டுகளைக் குறுக்காகச் சேர்த்து மெல்ல அழுத்தும்போது வலித்தால் அழற்சி இருக்கலாம் என ஐயுறுவர்.

இரத்தப் பரிசோதனைகள்

* முடக்கு வாதக் காரணி: நோயாளிகளுள் சுமார் 70 முதல் 80 விழுக்காட்டினரிடம் காணப்படும். ஆனால் கல்லீரல் அழற்சி-சி, காசநோய், இதய உள்ளுறைத் தொற்று ஆகியவற்றிலும், நலமாக உள்ள முதியோர் சிலரிடமும் இது காணப்படும். எனவே மூட்டு வீக்கம் இல்லாத ஒருவருக்கு இச்சோதனை நேர்மறையாக வந்ததைக் கொண்டு மட்டும் நோய் உள்ளதென முடிவு செய்யலாகாது.
* சிசிபி எதிர் பிறபொருளெதிரி: இது நேர்மறையாக இருப்பின் நோய் முடக்கு வாதமாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். மூட்டு அரிப்பு விரைவாக ஏற்படக்கூடும் என்பதையும் இது உணர்த்துகிறது.
* ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.: இவை அழற்சியின் அளவைக் காட்டுவன. எந்த நோயின் அழற்சி என்பதை இவை கூறா.
* ஏ.எஸ்.ஓ.: மூட்டு வலி கொண்ட பெரியவர்களுக்கும் இச்சோதனை செய்யப்படுவதுண்டு. இது முன்னர் ஏற்பட்ட தொண்டைத் தொற்றைக் காட்டுமேயன்றி முடக்கு வாதத்தைக் காட்டாது.

முடக்கு வாதக் காரணியும் சிசிபி எதிர் பிறபொருளெதிரியும் இல்லாத நோயாளிகளும் உண்டு. சோதனை எதிர்மறையாக வந்தது என்பதற்காக, வீங்கிய மூட்டுகளைப் புறக்கணித்தல் கூடாது.

படங்கள்

தொடக்கத்தில் எக்சு-கதிர்ப் படம் இயல்பாகவே இருக்கலாம். எலும்பு அரிப்பு படத்தில் தெரியும்வரை காத்திருப்பது, தடுத்திருக்கக்கூடிய சிதைவை அனுமதிப்பதாகும். மீயொலிப் படமும் காந்த ஒத்ததிர்வுப் படமும் அழற்சியை முன்னதாகவே காட்ட வல்லன.

2010 ஆம் ஆண்டு வகைப்பாட்டு அளவுகோல்

அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு மருத்துவ அமைப்புகள் இணைந்து 2010 இல் வெளியிட்ட அளவுகோல், 1987 ஆம் ஆண்டின் பழைய அளவுகோலுக்கு மாற்றாக வந்தது. பழைய அளவுகோல் முற்றிய நோயையே எளிதில் இனங்கண்டது. புதியது, குறைந்தது ஒரு மூட்டிலாவது வீக்கம் இருந்து, அதற்கு வேறு நோய் காரணமாகத் தோன்றாதபோது பயன்படுத்தப்படுகிறது.

* மூட்டுகள்: ஒரு பெரிய மூட்டு - 0, 2 முதல் 10 பெரிய மூட்டுகள் - 1, 1 முதல் 3 சிறு மூட்டுகள் - 2, 4 முதல் 10 சிறு மூட்டுகள் - 3, ஒரு சிறு மூட்டாவது உட்பட 10 க்கு மேற்பட்ட மூட்டுகள் - 5
* பிறபொருளெதிரிகள்: இல்லை - 0, குறைந்த அளவு - 2, உயர்ந்த அளவு - 3
* ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. மிகுந்திருத்தல் - 1
* 6 வாரமோ அதற்கு மேலோ நீடித்தல் - 1

மொத்தம் 10 புள்ளிகளுள் 6 அல்லது அதற்கு மேல் பெற்றால் முடக்கு வாதம் என வகைப்படுத்தப்படுகிறது. இது முதன்மையாக ஆய்வுகளுக்கென உருவாக்கப்பட்டது. குறைந்த புள்ளி பெற்றவரையும் மருத்துவர் தொடர்ந்து கண்காணிப்பது வழக்கம்.

ஒத்த தோற்றமுடைய நோய்கள்

* சிக்குன்குனியா: திடீர்க் காய்ச்சலுடன் தொடங்கும். காய்ச்சல் நீங்கிய பின்னும் மூட்டு வலி பல மாதங்கள் நீடித்து முடக்கு வாதத்தை ஒத்திருக்கும். தமிழ்நாடு உள்ளிட்ட தென்னிந்திய மாநிலங்களில் 2006 இல் இது பெருமளவில் பரவியது.
* கவுட்: யூரிக் அமிலப் படிகங்களால் வருவது. பெரும்பாலும் கால் பெருவிரலின் அடியில் ஓரிரவில் கடும் வலியுடன் தொடங்கும். ஆண்களிடம் மிகுதி.
* செம்முருடு: இதுவும் ஒரு தன்னுடல் தாக்குநோய். மூட்டு வலியுடன் கன்னங்களில் சிவந்த தடிப்பு, வாய்ப்புண், முடி உதிர்தல், சிறுநீரில் புரதம் ஆகியன காணப்படலாம்.
* முதுகெலும்பு இறுக்க அழற்சி: இளைஞர்களின் கீழ் முதுகைத் தாக்குவது. வலி பின்னிரவில் மிகுந்து உறக்கத்தைக் கெடுக்கும்.
* சொரியாசிஸ் மூட்டழற்சி: தோல் செதில்கள், நகக் குழிகள் ஆகியவற்றுடன் விரல் நுனி மூட்டுகளையும் தாக்கும்.

ஒரே ஒரு மூட்டு திடீரெனச் சிவந்து, சூடாகி, காய்ச்சலுடன் வலிப்பது மூட்டில் சீழ் பிடித்ததன் அறிகுறியாக இருக்கலாம். முடக்கு வாதம் ஏற்கெனவே உள்ளவராயினும் இத்தகைய நிலையில் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருத்துவம்

குறிக்கோள்

வலியைக் குறைப்பது மட்டும் மருத்துவத்தின் நோக்கமன்று. அழற்சியை முழுமையாக அடக்குவதே நோக்கமாகும். 28 மூட்டுகளின் வீக்கம், வலி, இரத்த அழற்சி அளவு, நோயாளியின் சொந்த மதிப்பீடு ஆகியவற்றைச் சேர்த்து டாஸ்-28 என்னும் மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. இது 2.6 க்குக் கீழ் இருப்பின் நோய் அடங்கியதாகவும், 5.1 க்கு மேல் இருப்பின் கடுமையாக உள்ளதாகவும் கொள்ளப்படும். மருந்து தொடங்கி 3 மாதங்களில் முன்னேற்றம் இல்லையெனினும், 6 மாதங்களில் குறிக்கோள் எட்டப்படவில்லையெனினும் மருத்துவ முறையை மாற்றுவர்.

வலி நீக்கிகளும் ஸ்டீராய்டுகளும்

ஐபுபுரோஃபென், நாப்ராக்சன் முதலிய வலி நீக்கிகள் வலியையும் விறைப்பையும் குறைக்கின்றன. மூட்டு அரிப்பைத் தடுப்பதில்லை. மருந்துக் கடையில் இவற்றை மட்டும் வாங்கி உண்டு வருபவருக்கு வலி குறைவாகத் தோன்றினும் உள்ளே சிதைவு தொடரும். நெடுநாள் உண்பதால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படலாம்.

பிரெட்னிசோலோன் முதலிய ஸ்டீராய்டுகள் விரைவாகப் பலனளிப்பவை. பிற மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும்வரை இவற்றைக் குறைந்த அளவில் சில வாரங்கள் கொடுத்துப் படிப்படியாக நிறுத்துவது முறையாகும். நெடுங்காலம் பயன்படுத்தினால் எலும்பு மெலிதல், நீரிழிவு, தொற்றுகள், கண்புரை ஆகியன நேரலாம். நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது. உட்பொருள் விவரம் இல்லாத மூட்டு வலிப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு மறைவாகக் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது.

நோயின் போக்கை மாற்றும் மருந்துகள்

மெத்தோட்ரெக்சேட் இவ்வகையின் முதன்மை மருந்தாகும். சல்பாசலசின், லெஃப்ளுனோமைடு, ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியன தனியாகவோ இதனுடன் சேர்த்தோ தரப்படுகின்றன. இவற்றின் பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் வரை ஆகும். முதல் சில வாரங்களில் பலனில்லை எனக் கருதி நிறுத்திவிடுவது பலர் செய்யும் பிழை. ஹைட்ராக்சிகுளோரோகுயினை நெடுங்காலம் உண்பவர்களுக்கு விழித்திரைப் பரிசோதனை தேவை.

மெத்தோட்ரெக்சேட் உட்கொள்ளும்போது கவனிக்க வேண்டியவை:

* இம்மருந்து வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளப்படுவது. வழக்கமான அளவு வாரத்திற்கு 7.5 முதல் 25 மில்லிகிராம். தவறுதலாக நாள்தோறும் உண்டதால் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. மருந்துச் சீட்டில் கிழமையின் பெயரை எழுதச் செய்து, அந்தக் கிழமையில் மட்டும் உண்பது பாதுகாப்பானது.
* பக்க விளைவுகளைக் குறைக்கப் ஃபோலிக் அமிலம் மருத்துவர் குறிப்பிடும் நாட்களில் தரப்படுகிறது. இரண்டு மாத்திரைகளும் தோற்றத்தில் ஒத்திருக்கலாம் என்பதால் தனித்தனியே வைத்தல் நலம்.
* இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான சோதனைகளைக் குறித்த கால இடைவெளியில் செய்துகொள்ள வேண்டும்.
* மது அருந்துதலைத் தவிர்க்க வேண்டும்.
* கோ-டிரைமாக்சசோல் என்னும் நுண்ணுயிர்க் கொல்லியுடன் சேரும்போது எலும்பு மச்சை கடுமையாகப் பாதிக்கப்படலாம்.
* வாய்ப்புண், காய்ச்சல், காரணமின்றி இரத்தக் கசிவு, புதிதாக மூச்சுத் திணறல் ஆகியன தோன்றினால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

உயிரியல் மருந்துகள்

மேற்கூறியவற்றால் நோய் அடங்காதபோது, அழற்சியின் குறிப்பிட்ட கண்ணியை மட்டும் தடுக்கும் மருந்துகள் பயன்படுகின்றன. இன்ஃப்ளிக்சிமாப், எட்டனெர்செப்ட், அடாலிமுமாப் ஆகியன கட்டி நசிவுக் காரணியைத் தடுக்கின்றன. டோசிலிசுமாப் இன்டர்லியூக்கின்-6 இன் செயலைத் தடுக்கிறது. ரிட்டுக்சிமாப் பி-அணுக்களைக் குறைக்கிறது. டோஃபாசிட்டினிப், பாரிசிட்டினிப் ஆகியன வாய்வழி உட்கொள்ளும் மாத்திரைகள். முதியோர், புகைபிடிப்போர், இதய நோய் வாய்ப்புள்ளோர் ஆகியோருக்கு இவற்றைத் தருவதில் மிகுந்த கவனம் தேவை என 2021 இல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

கட்டி நசிவுக் காரணி காசநோய்க் கிருமியைக் கட்டுக்குள் வைத்திருக்க உதவுவது. அதனைத் தடுக்கும்போது உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய் மீண்டும் தலைதூக்கலாம். காசநோய் மிகுந்துள்ள இந்தியா போன்ற நாடுகளில் இம்மருந்துகளுக்கு முன்னர் மார்பு எக்சு-கதிர்ப் படமும், மறைந்துள்ள காசநோய்க்கான சோதனையும், கல்லீரல் அழற்சி-பி, சி சோதனைகளும் செய்வது கட்டாயமாகும்.

பிற வழிமுறைகள்

* உடற்பயிற்சி: மூட்டை அசைக்காமல் வைத்திருந்தால் தசைகள் மெலிந்து மூட்டு இறுகிவிடும். அழற்சி கடுமையாக உள்ள நாட்களில் ஓய்வும், பிற நாட்களில் நடைப்பயிற்சி, தசை வலுவூட்டும் பயிற்சி ஆகியனவும் பரிந்துரைக்கப்படுகின்றன.
* புகைபிடித்தலை விடுவது மருந்தின் பலனைக் கூட்டும்.
* தடுப்பூசி: இன்ஃப்ளுவென்சா, நியுமோனியா தடுப்பூசிகள் பரிந்துரைக்கப்படுகின்றன. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளை உண்பவர் உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை மருத்துவரின் அறிவுரையின்றிப் பெறலாகாது.
* உணவு: முடக்கு வாதத்தை நீக்கும் தனிப் பத்தியம் எதுவும் நிறுவப்படவில்லை. முடக்கத்தான் கீரை மூட்டு வலிக்கு நல்லதெனத் தமிழ்நாட்டில் வழங்கி வருகிறது. இதனை உணவாகக் கொள்ளலாம். ஆனால் மருந்துக்கு மாற்றாகக் கொள்ள இயலாது.
* அறுவை மருத்துவம்: சிதைந்த முழங்கால், இடுப்பு மூட்டுகளை மாற்றிப் பொருத்துவதால் வலி நீங்கி நடக்க இயலும்.

மகப்பேறு

பல பெண்களுக்குக் கருவுற்ற காலத்தில் நோய் தணிந்து, மகப்பேற்றுக்குப் பின் மீண்டும் கூடுகிறது. மெத்தோட்ரெக்சேட், லெஃப்ளுனோமைடு ஆகியன கருவுக்குத் தீங்கானவை. கருவுற விரும்புவோர் மாதங்களுக்கு முன்னரே மருத்துவரிடம் தெரிவித்து, ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்பாசலசின் போன்ற பாதுகாப்பான மருந்துகளுக்கு மாற வேண்டும். மருந்துகளை எல்லாம் தாமாகவே நிறுத்திவிடுவது தேவையற்றது; நோய் மீண்டும் முற்றவும் கூடும்.

வரலாறு

1800 இல் பாரிசில் ஆகஸ்டின் லாண்ட்ரே-போவே தம் ஆய்வேட்டில், பெரும்பாலும் பெண்களைத் தாக்கும், கவுட்டினின்று வேறுபட்ட மூட்டு நோய் ஒன்றை விவரித்தார். இந்நோயின் இன்றைய ஆங்கிலப் பெயரை 1859 இல் வழங்கியவர் இங்கிலாந்து மருத்துவர் ஆல்பிரட் பாரிங் கேரட் ஆவார். முடக்கு வாதக் காரணியை 1940 இல் நார்வேயின் எரிக் வாலர் விவரித்தார். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் (1841-1919) இந்நோயால் விரல்கள் மடங்கிய பின்னரும் ஓவியம் தீட்டி வந்தார்.

அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் 1948 இல் முதன்முதலாகக் கார்ட்டிசோனை ஒரு நோயாளிக்குச் செலுத்தினார். அதற்காக எட்வர்டு கெண்டல், டாடியுசு ரைக்ஸ்டைன் ஆகியோருடன் 1950 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். அதன் பக்க விளைவுகள் பின்னரே தெரிய வந்தன.

மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய் மருந்தாக உருவானது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895-1948) தலைமை வகித்த லெடர்லே ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்தின் எதிர்ப்பொருள்கள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினை 1951 இல் கப்னர் என்பவரும் குழுவினரும் மூட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டனர். 1980களில் நடந்த ஆய்வுகளுக்குப் பின் வாரம் ஒருமுறை உண்ணும் மெத்தோட்ரெக்சேட் 1988 இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது.

1992 இல் இலண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் கட்டி நசிவுக் காரணியைத் தடுக்கும் மருந்தை முதன்முதலாக முடக்கு வாத நோயாளிகளுக்குக் கொடுத்தனர். இவ்வகையில் எட்டனெர்செப்ட் 1998 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இவற்றையும் பார்க்கவும்

* தன்னுடல் தாக்குநோய்
* மூட்டுத் தேய்வு நோய்
* செம்முருடு
* சிக்குன்குனியா
* எல்லாப்பிரகட சுப்பாராவ்